ராஜாவின் கோரைப்பல்லும் நண்டு என்கிற குட்டியும்

ஒரு காட்டில் ஒரு புலி ராஜா இருந்தார். சத்தியமாக இருந்தார். கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், கோயில் குளத்தில் கழுத்தளவு நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன். இந்தக் கதையில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும். மிச்சம் எத்தனை என்று எட்டிப் பார்க்க வேண்டாம். அது கதைக்கு அவசியமில்லை.

ராஜாவின் பெயர் வேங்கையப்பர். அவருடைய இடது விலாவில் இரண்டு கறுப்பு வரிகள் வளைந்து வந்து சேர்ந்து, மாம்பழம் போல ஒரு வளையம் போட்டிருக்கும். அதுதான் அரச முத்திரை. குரங்குக் குட்டிகள்கூட மண்ணில் ஒரு மாம்பழம் கீறிவிட்டு "ராஜா" என்று கும்பிடும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கோடை வந்தால் மேல்மடு என்கிற ஒரே மடுவில்தான் தண்ணீர் நிற்கும். குடிக்க வருகிற புலி எதுவானாலும் கரையிலுள்ள மருதமரத்துக்கு முன்னால் நின்று விலாவைக் காட்ட வேண்டும். புலிகளைக் கணக்கெடுக்க வந்த மனிதர்கள் அந்த மரத்தில் ஒரு கேமராவைக் கட்டிவிட்டு மறந்து போயிருந்தார்கள். புலிக்குப் புலி வரி வேறு அல்லவா? தெரிந்த வரி என்றால் பச்சை விளக்கு எரியும். தெரியாத வரி என்றால் சிவப்பு. விளக்கைப் பார்த்து உத்தரவு சொல்வதற்கென்றே செங்கொண்டையார் என்கிற மரங்கொத்தி மேலே உட்கார்ந்திருப்பார். தினம் பார்க்கிற ராஜாவே வந்தாலும், "விலா காட்டுங்க" என்பார். ராஜாவும் காட்டிவிட்டுத்தான் குடிப்பார்.

இந்தக் காட்டின் தென்சரிவில், பாறையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில், கொன்றை என்று ஒரு பெண்புலி இருந்தாள். மடுவில் அவளுடைய முறை காட்டெருமைக் கூட்டத்துக்குப் பிறகு. காட்டெருமைகள் குடித்துவிட்டுப் போன மடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் கோடை முழுக்கச் சேற்றைத்தான் நக்கிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அருவிக்கரைக்கு வேன் வைத்துக்கொண்டு ஒரு கும்பல் வந்து ஆட்டுக்கறி சமைத்தது. வாசனை பிடித்து வந்த ராஜா புதருக்குப் பின்னாலிருந்து ஒரு கொட்டாவி விட்டார். வேறெதுவும் செய்யவில்லை. வாய் காதுவரை கிழிகிற மாதிரி ஒரு கொட்டாவி, அவ்வளவுதான். கும்பல் பிரஷர் குக்கரை அப்படியே போட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டது. மூடியைத் திருப்பித் திறக்க வேண்டும் என்று ராஜாவுக்கு யார் சொல்வது? கடித்தார். குக்கர் ஒரு விசில் அடித்தது. ராஜாவின் கோரைப்பல் வேரோடு முறிந்து விழுந்தது.

கோரைப்பல் போன ராஜா உறுமினால் பக்கவாட்டில் காற்றுப் போனது. மான்கள் மரியாதைக்காக ஓடின. ஓடிய பிறகு நின்று சிரித்தன.

ராஜா முள்ளம்பன்றி டாக்டர் ஊசிமுத்துவைக் குகைக்குள் அழைத்து ரொம்ப நேரம் பேசினார். வெளியே வந்து மந்திரி நரி அறிவித்தது. எல்லாக் கதையிலும் நரி புத்திசாலி. இந்த நரி அப்படியில்லை, அதனால்தான் மந்திரி வேலை கிடைத்தது.

"நம்ம ராஜா மாதிரியே இன்னொரு ராஜா செய்யப் போறோம். மாதிரி என்ன மாதிரி, ராஜாவேதான். அதுக்கு ஒரு தாய்ப்புலி தேவை."

கொன்றை கேட்டாள்: "எனக்கு என்ன கிடைக்கும்?"

"மேல்மடுவிலே ராஜாவுக்கு அடுத்த முறை உனக்கு, அம்மணி."

காட்டெருமைக்கு முன்னாலா? கொன்றை யோசிக்கவே இல்லை. சரி என்றாள். பாசமாவது பந்தமாவது, அவளுக்கு அப்போது இருந்தது தாகம்.

டாக்டர் வேலையை விளக்கினார். "ராஜாவோட காதிலேருந்து கடுகளவு தோல் எடுப்பேன். அந்தத் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறை. ஒவ்வொரு அறையிலேயும் ஒரு முழு ராஜாவைச் செய்யறதுக்கான குறிப்பு இருக்கு."

"காதுக்குள்ளே வால் செய்யற குறிப்புமா?" என்றது நரி.

"வாலும் இருக்கு, வயிறும் இருக்கு. காது தனக்கு வேண்டியதை மட்டும் படிச்சுட்டு மிச்சத்தை மூடி வச்சிருக்கும். அப்புறம் இந்தம்மாவோட முட்டை ஒண்ணை எடுத்து..."

"புலி முட்டை போடுமா?"

"வயித்துக்குள்ளேயே இருக்கும் மந்திரியாரே. உங்க அம்மாவுக்கும் இருந்தது. அந்த முட்டையோட சொந்தக் குறிப்பை வெளியே எடுத்துட்டு, ராஜா காதுக் குறிப்பை உள்ளே வச்சு, ஒரு சின்ன அதிர்ச்சி கொடுத்தா முட்டை முழிச்சுக்கும். புதுசா ஒரு குட்டி ஆரம்பிக்கணும்னு நினைச்சுக்கும்."

குறிப்பை எடுக்க டாக்டரின் முதுகிலேயே ஊசி இருந்தது. அதிர்ச்சிக்கு, வாழைத்தோட்டக்காரர் யானைகளுக்காகக் கட்டிய மின்வேலி இருந்தது.

சொன்னபோது சுலபமாகத்தான் இருந்தது. செய்தபோது முட்டைகள் ஒவ்வொன்றாக வீணாயின. சிலது முழிக்கவே இல்லை. சிலது முழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டன. ஒன்று கொன்றையின் வயிற்றில் தங்கி, அவள் அதனோடு பேச ஆரம்பித்த பிறகு, கலைந்துபோனது. அன்று அவள் மடுப்பக்கமே போகவில்லை. நரி வந்து, "அடுத்ததுக்கு எப்போ வரே, அம்மணி?" என்று கேட்டது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நரி வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் போனது.

கடைசியில் ஒன்று நிலைத்தது. குட்டி பிறந்தது.

காடே திரண்டு வந்து எட்டிப் பார்த்தது. ராஜாவே திரும்பப் பிறப்பார் என்று சொன்னதால், மீசையும் அதிகாரமுமாக ஒரு பெரிய புலி வெளியே வரும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது, கண் திறக்காத, மியாவ் என்று அழுகிற ஒரு பொடியன். போதாக்குறைக்கு விலாவில் மாம்பழம் இல்லை. மாம்பழம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வரிகள் சேராமல் பிரிந்து, நண்டுக் கொடுக்கு மாதிரி நின்றன.

"மாம்பழம் எங்கே?" என்றது ஒரு குரங்கு.

"சீசன் வந்தா வரும்" என்றது நரி.

அரசாங்கப் பெயர் வேங்கையப்பர் என்றே இருந்தது. இரண்டாம் என்றுகூடப் போடவில்லை. ஒரே ஆளுக்கு எதற்கு எண்? கொன்றை மட்டும் நண்டு என்று கூப்பிட்டாள். வரியும் அப்படி, வேலையும் அப்படி. அந்தக் குட்டி நாள் முழுக்க ஓடைக்குள் இறங்கிக் கல்லைப் புரட்டி நண்டு பிடித்துக்கொண்டிருக்கும். வேங்கையப்பருக்குக் கால் நனைந்தாலே தும்மல் வரும்.

ராஜா அடிக்கடி குட்டியைப் பார்க்க வந்தார். வந்தால் கொஞ்சமாட்டார், நக்கமாட்டார். உட்கார்ந்ததும், "ஆ காட்டுடா ராஜா" என்பார். குட்டி வாயைத் திறக்கும். ராஜா உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் பால்பல்தானா?" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். வயதான காலத்தில் வருகிற பிரியம் இப்படித்தான் இருக்கும் போல என்று கொன்றை நினைத்துக்கொண்டாள்.

பால்பல் ஆட ஆரம்பித்த சமயம், நரி ஒரு மான் தொடையோடு வந்தது.

"குட்டி நல்லா எலும்பு கடிக்கணுமாம். பல்லு உறுதியா வரணும்னு உத்தரவு."

"என் பிள்ளை பல்லு மேலே ராஜாவுக்கு என்ன இவ்வளவு அக்கறை?"

"உன் பிள்ளை பல்லா? அது ராஜா பல்லு, அம்மணி" என்றுவிட்டு நரி வாயைப் பொத்திக்கொண்டது. கொன்றை அதன் வாலின் மேல் ஒரு கால் வைத்தாள். அழுத்தக்கூட இல்லை, வைத்தாள்.

நரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. "வேற புலியோட பல்லை வச்சா ராஜா உடம்பு ஏத்துக்காதாம். யாருப்பா நீன்னு கேட்டு வெளியே தள்ளிடுமாம். அவரோட பல்லேதான் வேணுமாம். குக்கர்லே போனது போச்சு. அதனாலே இன்னொரு அவரைச் செஞ்சு, பெரிய பல்லு முளைச்சதும் எடுத்துக்கறதா ஏற்பாடு. ஒண்ணு ஆடிப்போனா இன்னொண்ணு. பல்லு முடிஞ்சா, கண்ணு இருக்கு."

"என் பிள்ளை அப்புறம் எதை வச்சுச் சாப்பிடுவான்?"

"அதை யாரும் கேக்கலையே" என்றது நரி, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

கொன்றை நேரே டாக்டரின் வளைக்குப் போனாள். "டாக்டர் இல்லை" என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"வெளியே வாங்க டாக்டரய்யா. ஒரே ஒரு சந்தேகம். அவன் ராஜாவா, என் பிள்ளையா?"

முள்கள் மட்டும் வெளியே வந்தன. "அறிவியல்படி பார்த்தா..."

"எந்தப்படியும் பார்க்க வேண்டாம். அவன் பல்லைப் பிடுங்கினா வலி யாருக்கு?"

"அவனுக்கு."

"ராஜாவுக்கு வலிக்காதா?"

"அவருக்கு ஏன் வலிக்கப் போகுது?"

"அப்போ அவன் எப்படி ராஜா?"

டாக்டர் முழுதாக வெளியே வந்தார். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினார். "குறிப்பு ஒண்ணுதான்மா. ஆனா குறிப்பிலே, வரி போடுன்னுதான் இருக்கும். எந்த வரி எங்கே வளையணும்னு இருக்காது. அது உன் வயித்துக்குள்ளே அந்தந்த நேரத்துலே முடிவாகிறது. அதே மலை, அதே மழை. ஓடை வருஷா வருஷம் ஒரே இடத்திலேயா வளையுது? மாம்பழம் எந்த சீசன்லேயும் வராது. இன்னொண்ணு, உன் முட்டையிலே சின்னச் சின்ன அடுப்பு இருந்தது. உடம்புக்குச் சூடு கொடுக்கிறது அதுதான். அதை நான் எடுக்கலை. அவன் உடம்பிலே எரியறது உன் அடுப்பு."

"இதை எல்லாரும் இருக்கிறப்போ சொல்வீங்களா?"

"கேட்டா சொல்வேன். கேக்காம சொல்ல நான் என்ன நரியா?"

பெரிய கோரைப்பல் முளைத்தது. வெள்ளை வெளேரென்று, பாறையிடுக்கில் வெயில் விழுந்த மாதிரி. அரசப் பல் விழா என்று நரி அறிவித்தது. மேல்மடுக் கரையில் காடு கூடியது. குரங்குகள் மரப்பட்டையில் கொட்டடித்தன. ராஜா ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். நண்டு, தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே நின்றான்.

"இதிலே தப்பு ஒண்ணும் இல்லை" என்றார் ராஜா. "அவன் வேற யாரோன்னா அவனைக் கேக்கணும். அவன் நான். என் பல்லை நான் எடுத்துக்கறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"என்னைத்தான் கேக்கணும்" என்றான் நண்டு. குரல் கீச்சென்று வந்தது. "நான் ராஜான்னா நானும் உத்தரவு போடலாம் இல்லே? பல்லைப் பிடுங்கக் கூடாது. இது ராஜா உத்தரவு."

கூட்டத்தில் முணுமுணுப்பு. வயதான யானை ஒன்று காதை விசிறிக்கொண்டு, "ராஜா பிடுங்கச் சொல்றார், ராஜா பிடுங்கக் கூடாதுங்கறார். நாங்க எந்த ராஜாவைக் கேக்கறது?" என்றது.

"மூத்த ராஜாவை" என்றது நரி.

"ரெண்டும் ஒரே ஆளுன்னா மூத்தது எது, இளையது எது?"

நரி யோசித்தது. பழக்கமில்லாததால் தலை வலித்தது.

கொன்றை மருதமரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இதிலே சண்டை எதுக்கு? நம்ம காட்டு வழக்கம் இருக்கே. செங்கொண்டையாரே, ராஜா யாருன்னு நீங்க சொல்லுங்க."

மரங்கொத்திக்கு இதைவிடச் சந்தோஷமான நாள் வாழ்க்கையில் வந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெரியவர் முதல்லே. விலா காட்டுங்க."

ராஜா காட்டினார். மாம்பழம் பளபளத்தது. பச்சை.

"சின்னவர். விலா காட்டுங்க."

நண்டு காட்டினான். கொடுக்கு விரிந்தது. சிவப்பு.

"மிஷின் ரிப்பேர்" என்றார் ராஜா.

"இப்போதானே ராஜா உங்களுக்குப் பச்சை எரிஞ்சது?" என்றார் செங்கொண்டையார், மிகுந்த பணிவோடு.

கொன்றை டாக்டரைக் கேட்டாள். கேட்டதால் டாக்டர் சொன்னார். ஓடையைச் சொன்னார், அடுப்பைச் சொன்னார். "அவன் நீங்க இல்லை ராஜா. உங்க பிள்ளையும் இல்லை. சரியாச் சொல்லணும்னா, ரொம்பத் தாமதமாப் பொறந்த உங்க இரட்டைத் தம்பி."

ராஜா தம்பியைப் பார்த்தார். தம்பியின் மூக்கு நுனியில் ஓடைச் சேறு ஒட்டியிருந்தது. தம்பி பல்லை அண்ணன் பிடுங்கிக்கொள்ளலாம் என்று அந்தக் காட்டில் எந்த வழக்கமும் கிடையாது. கூட்டம் கலைந்தது.

இங்கே கதையை நிறுத்தினால், எல்லா உயிரும் தனித்தனி உயிர், நகலுக்கும் வலிக்கும் என்று நல்ல நீதியாகச் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வதாகச் சத்தியம் செய்தாயிற்று. வேறு வழியில்லை.

வேங்கையப்பர் அதன்பிறகு முயல், காடை என்று மெல்லச் சுலபமானதாகப் பார்த்துச் சாப்பிட்டுக் காலம் தள்ளினார். ஒரு கோடையின் தொடக்கத்தில், மாமரத்தடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி போன வேகத்தில் பக்கத்து மலையிலிருந்து கொடுவரி என்று ஒரு கடுவன் புலி இறங்கி வந்தான். வாய் நிறையப் பல். ராஜா இல்லாத காடு வலுத்தவனுக்கு என்பது எல்லா மலைக்கும் பொது. புது ராஜாவாகிற கடுவன் இளம் ஆண் எதையும் உயிரோடு வைக்கமாட்டான் என்பதும் பொது. நண்டு அப்போதுதான் உறுமப் பழகியிருந்தான். ஒரே அடியில் முடிந்துவிடுவான்.

கொன்றை மடுக்கரைக்கு வந்தாள். பிள்ளையை முன்னால் தள்ளினாள்.

"யார் செத்தது?" என்றாள். "ராஜாதான் இதோ நிக்கறாரே."

காடு வாயைப் பிளந்தது.

"பேரு வேங்கையப்பர். உங்க மந்திரியே வச்ச பேரு. அதே காது, அதே குறிப்பு. உயிரோட இருக்கிற ராஜாவோட மடுவிலே அயல் மலைக்காரன் கால் வச்சா, யானைங்க துரத்தணும்கறது வழக்கம். யானையண்ணே, வழக்கம் மாறிடுச்சா?"

யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கொடுவரியின் பல்வரிசையையும் பார்த்தன. நண்டு பிடிக்கிற ராஜாவோடு குப்பை கொட்டுவது சுலபம் என்று அவற்றுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"டாக்டரய்யா, ரெண்டு பேர் குறிப்பும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணேதான்" என்றார் டாக்டர். "எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. வரியெல்லாம் வெறும் மேல்பூச்சு."

"அன்னிக்கு வேற மாதிரி சொன்னீங்களாமே?" என்று கொடுவரி உறுமினான்.

"அன்னிக்குக் கேட்ட கேள்வி வேற, தம்பி."

"விலா காட்டுங்க" என்றார் செங்கொண்டையார் மேலிருந்து. அவருக்கு அதுதான் தெரியும்.

நண்டு காட்டினான். எல்லாரும் கேமராவைப் பார்த்தார்கள். பச்சை எரியவில்லை. சிவப்பும் எரியவில்லை. மனிதர்கள் மறந்துவிட்டுப் போன பேட்டரி அந்த வாரம்தான் செத்திருந்தது.

மரங்கொத்தி கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அறிவித்தார்: "சிவப்பு எரியலை. ஆட்சேபணை இல்லை."

யானைகள் தும்பிக்கையைத் தூக்கின. கொடுவரி வந்த வழியே மலையேறினான்.

பட்டம் சூட்டியானது. புது ராஜா தன் முதல் உத்தரவைப் போட்டார்: "இனிமே இந்தக் காட்டிலே யாரும் யாரையும் நகல் எடுக்கக் கூடாது. உயிர் விளையாட்டுச் சாமான் இல்லை."

காடு உருகிப்போனது. பட்டபாடு பேசுகிறது என்று மான்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. உயிர் விஷயத்தில் எது தர்மம் என்று பார்க்க உயிரறக் குழு ஒன்று அமைந்தது. அந்த விஷயத்தில் அனுபவமுள்ளவர் வேறு யாரும் இல்லாததால் டாக்டர் ஊசிமுத்து தலைவரானார்.

எல்லாரும் போன பிறகு கொன்றை மகனை நக்கிக்கொடுத்தாள். "எவ்வளவு நல்ல உத்தரவுடா. நான் இழந்தது, நீ பயந்தது, எல்லாத்தையும் மனசிலே வச்சிருந்தியா?"

"அதெல்லாம் இல்லைம்மா" என்றார் ராஜா. "நாளைக்கு இன்னொருத்தன் வந்து, நான்தான் நீன்னு என் முன்னாலே நின்னா? மடு ஒண்ணுதானே இருக்கு?"

சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டார். வாய் காதுவரை கிழிகிற மாதிரி, கோரைப்பல் எல்லாம் வரிசையாகத் தெரிய. கொன்றை நக்குவதை நிறுத்திவிட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதி: பல்லைக் கேட்டு வந்தால் நீ வேறு, அவர் வேறு. பட்டத்தைக் கொண்டு வந்தால் நீயும் அவரும் ஒன்று. எதற்கும் கேமராவுக்குப் பேட்டரி மட்டும் வாங்கிப் போட்டுவிடாதே.

இதை யார் சொன்னது என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த டாக்டருக்கு என் காதின் மேல் ஏற்கெனவே ஒரு கண் இருக்கிறது.